விருதும் நம்ம கண்ணும்

(தோட்ட மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கிளினிக்கைப் பற்றியோ சேமலாப நிதியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். படத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. நம்ம மேல்கணக்கு லயத்தில் போன மாசம் ரெண்டு தம்பிமார் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனதே படத்தினால்தானே! "எங்க ஆளுக்குத்தான் விருது கிடைச்சுது, உங்க ஆளுக்கு என்ன கிடைச்சுது?" என்பதுதான் சண்டை.

அந்தத் தம்பிமாருக்கு ஒன்று சொல்லுகிறேன். இந்தியாவிலே சிறந்த நடிகருக்கு என்று வருஷா வருஷம் தேசிய விருது கொடுக்கிறார்கள். நம்ம நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு அந்த விருது ஒரு தடவையாவது கிடைத்ததா? இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கு 1960இல் எகிப்து நாட்டின் கெய்ரோவிலே சிறந்த நடிகர் என்று பரிசு கொடுத்தார்கள். 1995இல் பிரான்ஸ் நாடு செவாலியே கொடுத்தது. அதற்குப் பிறகு தாதாசாகிப் பால்கே விருதும் வந்தது. ஆனால் சிறந்த நடிகர் என்ற அந்த ஒன்று மட்டும் வரவேயில்லை. கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆருக்கு 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக அது கிடைத்தது. அப்போது அதற்குப் 'பாரத்' என்று பெயர். எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கைதட்டுறீங்க, தட்டுங்க. ஆனால் அதை வைத்துச் சிவாஜிக்கு நடிக்கத் தெரியாது என்று இங்கே யாராவது சொல்லுவீங்களா? பத்துப் பேர் குழுவாக உட்கார்ந்து, அந்த வருஷத்துப் படங்களைப் பார்த்து, ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வளவுதான் விருது. அது மார்க்குப் போடுகிற தராசு இல்லை. நம்ம கொழுந்துத் தராசே சில நாள் ஒரு மாதிரி நிற்குதே!

ஆனால் சில நேரம் அந்தக் குழு நல்லதைக் கண்டுபிடிக்கவும் செய்யும். 'தென்மேற்குப் பருவக்காற்று' என்று 2010இல் ஒரு படம். அதில் தாயாக நடித்த சரண்யாவுக்குத் தேசிய விருது. ஆடு வளர்த்து, ஒத்தையாக மகனை ஆளாக்குகிற ஒரு தாய். அந்தம்மா நடையிலும் பேச்சிலும் வேலை செய்த உடம்பு தெரியும். நம்ம அம்மாமார் பார்த்தால் உடனே கண்டுபிடிப்பீங்க.

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். தேயிலைத் தோட்டத்தில் எத்தனை பாட்டு எடுத்திருக்கிறார்கள்! கதாநாயகி கூடையை இடுப்பிலே அணைத்துக்கொண்டு, புது வளையல் போட்டுக்கொண்டு, ஒரு கையால் இலையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடும். மட்டக்கம்பும் இல்லை, படங்கும் இல்லை, கொழுந்தும் இல்லை, முற்றின இலை! போன தடவை இதே மண்டபத்தில் அப்படி ஒரு பாட்டு ஓடினபோது பின்னால் இருந்த ஒரு அக்கா, "அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று சத்தமாகச் சொன்னார். எந்த விருதுக் குழுவுக்கும் அந்தக் கண் கிடையாது.

இப்போது 'பரதேசி' படத்துக்கு வருவோம். பாலா எடுத்து 2013இல் வெளிவந்தது. அதர்வா, வேதிகா, தன்ஷிகா நடித்தார்கள். ஆனைமலைப் பக்கத்துத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது. தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. கங்காணி ஊருக்கு வந்து ஆசை காட்டுகிறான். முன்பணம் கொடுக்கிறான். சனம் நாள் கணக்காக நடக்கிறது. தோட்டத்துக்குப் போனால் கடன் தீர்வதே இல்லை. இந்தப் படத்துக்கும் ஒரு தேசிய விருது உண்டு. எதற்குத் தெரியுமா? உடைக்கு! அந்தக் கந்தலையும் சாக்கையும் உருவாக்கிய பூர்ணிமா ராமசாமி என்ற அம்மாவுக்கு. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அது நியாயமான பரிசு. அந்தத் துணியைப் பார்த்தாலே குளிர் தெரியும்.

எனக்குப் பிடிக்காததும் அதில் இருக்கிறது. சனத்துக்கு நோய் வந்து கிடக்கும்போது வருகிற டாக்டரை ஆட்டம் பாட்டத்தோடு மதம் மாற்ற வந்தவராகக் காட்டுகிறார்கள். கதையை எழுதினவரே தொழிலாளிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவருக்கு அது மரியாதையாக எனக்குப் படவில்லை.

அது இந்தியத் தோட்டத்துக் கதை, நம்முடையது இல்லை என்று ஒரு தம்பி சொன்னார். வாஸ்தவம். ஆனால் கடன் கதை ஒன்றுதான். இங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம முன்னோர் நடந்த பாதையில் 2023இல், 200 வருஷ நினைவாகச் சனம் திரும்பவும் நடந்தது. உங்களில் சிலரும் போனீங்க.

நம்ம மலையகத்து வாழ்க்கையை வைத்து இங்கேயே 1975இல் வி.பி.கணேசன் 'புதிய காற்று' என்று படம் எடுத்து நடித்தார். கதை, நம்ம தெளிவத்தை ஜோசப். இந்தப் பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்க என்றால் பெரியவர்கள் நாலு பேர் தூக்குறீங்க. இளைஞர் பக்கம் ஒரு கையும் இல்லை. மதுரையில் எந்தத் தியேட்டரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று மட்டும் தெரியுது! இதுதான் எனக்கு மனதுக்குக் கஷ்டம். டவுன் பள்ளிக்கூடத்தில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் தோட்டத்துப் பெயரைச் சொல்லாமல், பக்கத்து டவுன் பெயரைச் சொல்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த படத்தில் தோட்டம் என்றால் பாட்டுக்குப் பின்னால் தெரிகிற பச்சை மட்டும்தானே.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு இதே மண்டபத்தில் 'பரதேசி' போடுகிறோம். அடிக்கிறதும், ஓடினவன் கால் நரம்பை வெட்டுகிறதும் வருவதால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வாங்க. வயசானவர்களுக்கு முன்னால் கதிரை போட்டிருக்கும். படம் முடிந்ததும் யாரும் எழுந்து ஓட வேண்டாம், தேத்தண்ணி இருக்கு. கீழ்க்கணக்குப் பாட்டிமார் மூன்று பேர் தங்கள் தாய் தகப்பன் சொன்ன கங்காணி காலத்துக் கதைகளைச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை போட்ட அந்த ரெண்டு தம்பிமாரும் கொப்பி, பேனாவோடு வந்து முன்வரிசையில் உட்காரணும். எழுதுகிற வேலை அவர்களுக்குத்தான்.