விளக்குக்குப் பேர் வச்சது யாரு?

இந்த வாரம் ஒரே ஒரு நேயர் கேள்விதான். ஆனா அதுக்குள்ள நிறைய விஷயம் இருக்கு, அதனால முழு எபிசோடும் அதையே பேசப்போறோம்.

கேள்வி இது. அவங்க வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்க. சின்ன வீடு, ஒரே ரூம். மீட்டிங்ல இருந்தா சிவப்பு, இல்லேன்னா பச்சை எரியற மாதிரி ஒரு யூஎஸ்பி விளக்கை நண்பர் ஒருத்தர் டிஜிஸ்பார்க் போர்டுல செஞ்சு கொடுத்திருக்கார். சொந்த லினக்ஸ் லேப்டாப்ல 'எல்எஸ்யூஎஸ்பி' கமாண்ட் கொடுத்தா, சம்பந்தமே இல்லாத ஒரு நெதர்லாந்து கம்பெனி பேர் வருது. ஆபீஸ் விண்டோஸ் லேப்டாப்ல சொருகினா 'யூஎஸ்பி இன்புட் டிவைஸ்'னு வருது. ஐடி டீம் அதைப் பார்த்துட்டு, "இது என்ன, கீபோர்டா?"ன்னு கேட்டு பிளாக் பண்ணிட்டாங்க. "என் விளக்கு பொய் சொல்லுதா? தூக்கிப் போட்டுடவா?"ன்னு கேட்டிருக்காங்க.

தூக்கிப் போடாதீங்க. திரையில வர்ற பேரை எல்லாமே விளக்கு சொல்றதில்ல. அந்தப் பேர் மூணு இடத்திலேருந்து வரலாம். இப்போ பேசறது யாருன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் சொருகினதும் கம்ப்யூட்டர் "நீ யாரு?"ன்னு கேட்கும். சாதனம் 18 பைட்ல ஒரு பதில் அனுப்பும். இதுக்கு டிவைஸ் டிஸ்க்ரிப்டர்னு பேர். அதுல ரெண்டு முக்கியமான நம்பர் இருக்கு. ஒண்ணு தயாரிப்பாளருக்கான வெண்டர் ஐடி, இன்னொண்ணு பொருளுக்கான புராடக்ட் ஐடி. இது போக, தயாரிப்பாளர் பேர், பொருளோட பேர், சீரியல் நம்பர் மூணையும் எழுத்தா வச்சிருக்கலாம். கட்டாயமில்ல. இதுதான் முதல் இடம், விளக்கே தன்னைப் பத்திச் சொல்றது.

ரெண்டாவது இடம், கம்ப்யூட்டர்ல இருக்கிற பட்டியல். எல்எஸ்யூஎஸ்பி காட்டற பேர் பெரும்பாலும் இந்தப் பட்டியல்லேருந்து வர்றது. நம்பரைப் பார்த்து, பட்டியல்ல அந்த நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்கோ அதைக் காட்டும். மூணாவது இடம் டிரைவர். விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல முதல்ல கண்ணுல படற பேர் அதுதான்.

இப்போ அந்த நெதர்லாந்து பேருக்கு வருவோம். சொந்தமா ஒரு வெண்டர் ஐடி வாங்கணும்னா பல ஆயிரம் டாலர் ஆகும். வீட்டுல ஒரு விளக்கு செய்றவர் அவ்வளவு கொடுப்பாரா? டிஜிஸ்பார்க்ல இருக்கிறது அட்டினி85ன்னு ஒரு சின்ன சிப். அதுல யூஎஸ்பிக்குன்னு தனி வன்பொருளே கிடையாது. வி-யூஎஸ்பிங்கிற மென்பொருள்தான் அந்த வேலையைச் செய்யுது. அதை எழுதின வியன்னாவைச் சேர்ந்த ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட், பொழுதுபோக்கா செய்றவங்க எல்லாரும் பகிர்ந்துக்கறதுக்குன்னே சில நம்பர்களை ஒதுக்கி வச்சிருக்கு. 16சி0, 05டிஎஃப் அதுல ஒரு ஜோடி. அந்த 16சி0, வான் ஓயன்ங்கிற டச்சுக் கம்பெனி பேர்ல இருக்கிற வெண்டர் ஐடி. பட்டியல் அதைத்தான் படிச்சுக் காட்டுது. நீங்க பார்த்தது அந்த வரியா இருந்தா, விளக்கு மேல தப்பில்ல.

ஒரு கிளாஸ்ல மூணு கார்த்திக் இருந்தா டீச்சர் என்ன பண்ணுவாங்க? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவாங்க. இங்கேயும் அதே ஏற்பாடுதான். நம்பர் எல்லாருக்கும் பொது. தயாரிப்பாளர் பேர்ல தன்னோட இணைய முகவரியையோ மின்னஞ்சலையோ வைக்கணும், பொருளுக்குத் தனிப் பேர் வைக்கணும், மென்பொருள் அந்த ரெண்டையும் சரிபார்க்கணும். இதுதான் நிபந்தனை. நிறைய பேர் இந்த இனிஷியலை விட்டுடறாங்க. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

அது எவ்வளவு பெரிய சிக்கல்னா, கடையில கிடைக்கிற சில யூஎஸ்பி ரிலே போர்டுகளும் இதே 16சி0, 05டிஎஃப் நம்பர்லதான் வருது. ரிலேன்னா மோட்டாரையோ ஃபேனையோ ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச். உங்க விளக்கு மென்பொருள் நம்பரை மட்டும் பார்த்துத் தேடுதுன்னு வச்சுக்குங்க. விளக்கும் ரிலேயும் ஒரே லேப்டாப்ல இருந்தா, சிவப்புக்கான கட்டளை விளக்குக்குப் போகாம ரிலேக்குப் போக வாய்ப்பிருக்கு. மீன் தொட்டி மோட்டார் அந்த ரிலேல இருந்தா? யோசிச்சுப் பாருங்க.

சரி, எப்படிச் சோதிக்கிறது? வரிசையா சொல்றேன்.

முதல்ல, சொருகிட்டு பத்து செகண்ட் காத்திருங்க. டிஜிஸ்பார்க் சுமார் அஞ்சு செகண்டுக்கு பூட்லோடர்ல இருக்கும். புது புரோகிராம் ஏத்தறதுக்கான நேரம் அது. அப்போ அதோட நம்பர் வேற, 16டி0, 0753. அப்புறம்தான் விளக்கு புரோகிராம் ஓடி, புது நம்பரோட மறுபடி அறிமுகமாகும். சொருகின உடனே பார்த்தவங்களுக்கு ஒரு பேர், காபி குடிச்சுட்டு வந்து பார்த்தவங்களுக்கு இன்னொரு பேர்.

ரெண்டாவது, விண்டோஸ்ல நம்பர் 0000, 0002ன்னு வந்தா அது யாரோட நம்பரும் இல்ல. கேட்ட கேள்விக்குப் பதிலே வரலைன்னு அர்த்தம். கேபிளை மாத்துங்க, போர்ட்டை மாத்துங்க. இந்த வகை போர்டு யூஎஸ்பி 3 போர்ட்ல முரண்டு பிடிச்சா, நடுவுல ஒரு யூஎஸ்பி 2 ஹப் வச்சுப் பாருங்க. பல பேருக்கு அதுலயே சரியாகியிருக்கு.

மூணாவது, விளக்கு தன் வாயால என்ன சொல்லுதுன்னு கேளுங்க. விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அந்தப் பட்டியல்ல 'பஸ் ரிப்போர்ட்டட் டிவைஸ் டிஸ்க்ரிப்ஷன்'னு ஒண்ணு இருக்கும். அது டிரைவர் வச்ச பேர் இல்ல, சாதனம் அனுப்பின பேர். லினக்ஸ்ல சொருகினதும் 'டிமெஸ்ஜி' பாருங்க, புராடக்ட், மேனுஃபாக்சரர்னு தனித்தனி வரியா வரும்.

நாலாவது, லினக்ஸ்ல 'சூடோ' போட்டா எரியுது, போடலைன்னா எரியலையா? அது அனுமதிப் பிரச்சினை, அடையாளப் பிரச்சினை இல்ல. யூடெவ் விதி ஒண்ணு எழுதணும். அதுல நம்பரை மட்டும் போடாம, பொருளோட பேரையும் சேர்த்துப் போடுங்க. இல்லேன்னா அந்த ரிலேக்கும் கதவைத் திறந்து விட்டுடுவீங்க.

இப்போ ஐடி டீம் விஷயம். 'யூஎஸ்பி இன்புட் டிவைஸ்'ங்கிறது ஹெச்ஐடி வகைக்கு விண்டோஸ் வைக்கிற பொதுப் பேர். கீபோர்டு, மவுஸ் இந்த வகைதான். ஆனா தனி டிரைவர் தேவைப்படாதுங்கிறதால விளக்கு செய்றவங்களும் இதே வகையைத்தான் எடுத்துக்கறாங்க. சொருகினதும் டிவைஸ் மேனேஜர்ல 'கீபோர்ட்ஸ்' தலைப்புக்குக் கீழ புதுசா எதுவும் வரலைன்னா, விளக்கு தன்னைக் கீபோர்டுன்னு சொல்லலை. வந்தா உடனே கழட்டிடுங்க. இதே போர்டைத் தானா டைப் அடிக்கிற கீபோர்டா மாத்த சில வரி கோடு போதும்.

அதனால ஐடி டீமோட பயமும் நியாயம்தான். 2014ல பிளாக் ஹேட் மாநாட்டுல கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் ரெண்டு பேரும் 'பேட்யூஎஸ்பி'யைக் காட்டினாங்க. சாதாரண பென் டிரைவோட உள் மென்பொருளை மாத்தி, அதைக் கீபோர்டுன்னு நம்ப வச்சாங்க. யூஎஸ்பில அடையாளம்ங்கிறது சாதனம் தானே சொல்லிக்கிற வார்த்தை. அதைச் சரிபார்க்க ஆதார் மாதிரி எதுவும் அடிப்படைல கிடையாது.

அதே 2014, அக்டோபர்ல இன்னொரு சம்பவம். எஃப்டிடிஐங்கிற ஸ்காட்லாந்து கம்பெனியோட சிப்புக்குப் போலிகள் நிறைய வந்திருந்தது. போலியும் தன்னை 0403, 6001ன்னு அதே நம்பர்லதான் சொல்லும். விண்டோஸ் அப்டேட் வழியா வந்த டிரைவர், போலின்னு தெரிஞ்சா அதோட புராடக்ட் ஐடியை 0000ன்னு மாத்தி எழுதிடுச்சு. நேத்து வரைக்கும் வேலை செஞ்ச பொருளைக் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியல. உள்ள இருக்கிற சிப் போலின்னு வாங்கினவங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த டிரைவரை அப்டேட்லேருந்து எடுத்தாங்க. அடையாளச் சண்டைல அடி வாங்கினது பொருளை வாங்கினவங்கதான்.

அதனால கேள்வி கேட்ட நேயருக்கு: உங்க நண்பர்கிட்ட சொல்லி அந்த ரெண்டு பேரையும் ஒழுங்கா வைக்கச் சொல்லுங்க. புரோகிராமைத் திறந்த மூலமா வெளியிடத் தயார்னா, பிஐடி டாட் கோட்ஸ்ல 1209ங்கிற வெண்டர் ஐடிக்குக் கீழ இலவசமா தனி நம்பர் கேட்கலாம். அப்புறம் ஐடி டீம்கிட்ட விவரத்தைக் காட்டி அனுமதி கேளுங்க. சண்டை போடாதீங்க, மறைச்சும் சொருகாதீங்க.

அவங்க முடியாதுன்னு சொன்னாலும் விளக்கு வீணாகாது. அதுல ஒரு பட்டனைச் சேர்த்து, நீங்களே அழுத்திச் சிவப்பு, பச்சை மாத்தற மாதிரி புரோகிராம் பண்ணச் சொல்லுங்க. சாதாரண மொபைல் சார்ஜர்ல சொருகிக் கதவு பக்கம் வச்சுடுங்க. சார்ஜர் கரண்ட் மட்டும்தான் கொடுக்கும், "நீ யாரு?"ன்னு கேட்காது.

உங்க வீட்டுலயும் வேற பேர்ல சுத்திக்கிட்டு இருக்கிற சாதனம் ஏதாவது இருந்தா, அந்த ரெண்டு நம்பரோட எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.