பட்டுக் கூட்டுப்புழுவும் கெண்டை மீனின் உயிர்ச்சத்தும்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அர்க்காவதி ஆறு, ஹெசரகட்டா ஏரியை நிரப்பித் தெற்கே இறங்கி, ராமநகரத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. பெங்களூரு நகரின் குடிநீருக்காக 1894இல் அமைக்கப்பட்ட அந்த ஏரியின் அருகே, மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ராமநகரம், பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. மீன் வளர்ப்பும் பட்டுத் தொழிலும் ஒரே ஆற்றின் கரையில் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் கூட்டிலிருந்து நூலைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் புழு, இவ்விரு தொழில்களையும் இணைக்கிறது. கெண்டை மீனின் உடல்நலத்துக்கும் உயிர்ச்சத்துகளுக்கும் உள்ள தொடர்பை விளக்க இந்தப் புழுவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு கிலோ கச்சாப் பட்டு நூற்கப்படும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ உலர்ந்த கூட்டுப்புழு எஞ்சுகிறது. அதில் பாதிக்கு மேல் புரதம்; ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு. அரிசித் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் கலந்து குளத்தில் இட்டு வந்த விவசாயிக்கு இது கிடைத்தற்கரிய தீவனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விலை உயர்ந்த மீன் தூளுக்கு மாற்றாக இதனைக் கருதலாம் என்பதும் உண்மையே. ஆனால் அந்தக் கால் பங்கு கொழுப்பில்தான் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

ஜப்பான் நாட்டில் சாதாக் கெண்டை மீன்களுக்குப் பட்டுக் கூட்டுப்புழுவை நெடுங்காலமாகத் தீவனமாக அளித்து வந்தனர். அங்குள்ள பண்ணைகளில் ஒரு விந்தையான நோய் காணப்பட்டது. மீன் தீவனத்தை உண்ணும். ஆனால் அதன் முதுகுப் பகுதித் தசை நாளடைவில் வற்றிப்போகும். பருத்திருக்க வேண்டிய முதுகு கத்தியின் விளிம்புபோல் மெலிந்துவிடும். முதுகு வற்றுதல் என்ற பொருளில் ஜப்பானியர் இதனை ‘செகோகே’ என்றனர். கிருமியால் வந்த நோயன்று இது. கெட்டுப்போன எண்ணெய் கலந்த தீவனமே கெண்டையின் தசையை அழிக்கிறது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். வைட்டமின் ஈ குறைந்த தீவனத்தால் கெண்டைக்கு நேரும் கேடுகள் 1970இல் விரிவாக விளக்கப்பட்டன. தீவனத்தில் அந்த உயிர்ச்சத்தைப் போதிய அளவு சேர்த்தபோது தசை காக்கப்பட்டது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. கூட்டுப்புழுவின் கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் எளிதில் வினைபுரியும் வகையைச் சேர்ந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில நாட்களிலேயே அது சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் காவலனே வைட்டமின் ஈ. காவல் புரியும்போது அது தானும் செலவழிந்துவிடுகிறது. கெட்ட தீவனத்தால் இழப்பு இரண்டு முறை நேர்கிறது: முதலில் மூட்டையிலேயே உயிர்ச்சத்து அழிகிறது, பின்னர் அத்தீவனத்தை உண்ட மீனின் உடலில் இருப்பிலுள்ளதும் கரைகிறது. சாதாக் கெண்டைக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 100 மில்லிகிராம் வைட்டமின் ஈ வேண்டும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஊசிப்போன தீவனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, தேவை கூடிவிடும்.

இதற்கு எதிரானதுபோல் தோன்றும் மற்றொரு முடிவு கர்நாடகத்திலிருந்தே வந்தது. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1969இல் மங்களூரில் மீன்வளக் கல்லூரி தொடங்கப்பட்டது. அக்கல்லூரியைச் சேர்ந்த நந்தீஷாவும் அவருடைய குழுவினரும், கொழுப்பு நீக்கப்படாத கூட்டுப்புழுவைச் சாதாக் கெண்டைக்கு அளித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டனர். மீன்கள் நன்கு வளர்ந்தன. ஜப்பானில் நோய் தந்த பொருள் மங்களூரில் வளர்ச்சி தந்தது எப்படி என்று கேட்கலாம். குற்றம் புழுவினுடையதன்று, அதன் கொழுப்பு எந்த நிலையில் மீனின் வாயைச் சென்றடைகிறது என்பதே வேறுபாடு. தீவனத்தில் புரதம் எத்தனை விழுக்காடு என்று கேட்கும் விவசாயி, அது எத்தனை நாட்களுக்கு முன் உலர்த்தப்பட்டது என்றும் கேட்கப் பழக வேண்டும். இரண்டாவது கேள்வியை நம் விரிவாக்கப் பணியாளர்களே போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

உயிர்ச்சத்தைப் பற்றிய கவலை இல்லாமலே நம் முன்னோர் குளங்களில் மீன் வளர்த்தனரே என்பாரும் உண்டு. அது சரியே. சாண உரமிட்ட குளத்தில் தோன்றும் நுண்ணுயிர் மிதவைகள் உயிர்ச்சத்துகளின் களஞ்சியம். குளத்தில் மீன்கள் குறைவாக இருக்கும்வரை அந்தக் களஞ்சியம் போதும். கட்லா, ரோகு, மிருகாலுடன் அயல்நாட்டுக் கெண்டைகளையும் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்புத் திட்டம் 1971இல் நாடளாவிய முறையில் தொடங்கப்பட்டபின், ஒரு ஹெக்டேரில் விடப்படும் குஞ்சுகளின் எண்ணிக்கை பெருகியது. மிதவைக் கூண்டுகளிலும் தொட்டிகளிலும் வளரும் மீனுக்கோ இயற்கை உணவு அநேகமாக இல்லை. மனிதன் கொடுப்பதே உணவு. அமெரிக்காவில் கூண்டுகளில் தீவிரமாகத் தீவனமிட்டு வளர்க்கப்பட்ட கெளுத்தி மீன்களின் முதுகெலும்பு வளைந்து முறிவதற்கு வைட்டமின் சி குறைவே காரணம் என்று லவல் 1973இல் நிறுவினார். பெரும்பாலான மீனினங்கள், மனிதரைப் போலவே, இந்த உயிர்ச்சத்தை உடலில் தாமே உருவாக்கிக்கொள்ள இயலாதவை. தவிர, அது மிக எளிதில் அழிவது. குருணை செய்யும் வெப்பத்தில் ஒரு பகுதி போகும். கிடங்கில் ஒரு பகுதி போகும். மீன் உண்பதற்குள் நீரில் கரைந்து மேலும் ஒரு பகுதி போகும். ஆகவே, எளிதில் சிதையாத பாஸ்பேட் வடிவில் அதனைச் சேர்ப்பது பின்னர் வழக்கத்துக்கு வந்தது.

உயிர்ச்சத்துக் குறைவின் அறிகுறிகள் பலவகை. பாண்டோதெனிக் அமிலம் குறைந்தால் செவுள் இழைகள் தடித்து ஒட்டிக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறும். வைட்டமின் கே குறைந்தால் குருதி உறையத் தாமதமாகும். சிறு காயமும் பெரிதாகும்.

இவற்றைக் கேட்டவுடன் உயிர்ச்சத்துப் பொடியை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கருதிவிடலாகாது. 1988இல் இந்தியாவில் பரவிய கொள்ளைப் புண் நோய்க்குப் பூஞ்சை போன்ற ஒருவகை உயிரியே காரணம். எந்த உயிர்ச்சத்தும் அதனைத் தானே நீக்கிவிடாது. நல்லுணவு பெற்ற மீனின் காயம் விரைவில் ஆறும், எதிர்ப்பாற்றல் தளராது என்பது வரையே சொல்லலாம். மேலும், ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகள் மிகையானால் ஈரலில் தேங்கித் தீங்கு செய்யும். வண்ண உறையிட்ட பொடிகளுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை நல்ல கிடங்குக்குச் செலவிட்டால் பயன் மிகுதி.

எனவே பெங்களூருவைச் சுற்றியுள்ள ஏரிகளைக் குத்தகைக்கு எடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் செய்ய வேண்டியவை எளியவையே. நூற்பாலையிலிருந்து வரும் புழுவை ஈரத்துடன் குவித்து வைக்கலாகாது. அன்றே மெல்லிய படுகையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். வசதியுள்ள இடங்களில் எண்ணெயைப் பிழிந்தெடுத்தால், எண்ணெய் சோப்புத் தொழிலுக்குச் செல்லும். புரதம் மிகுந்த பிண்ணாக்கு நீண்ட நாள் கெடாதிருக்கும். தவிடும் இதே போல் விரைவில் சிக்கு வாடை கொள்ளும் பொருள் என்பதால், இரண்டையும் சிறிது சிறிதாக வாங்குவதே நலம். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தீவன ஆலைகள் அமைக்க உதவி வழங்கப்பட்டது. அத்தகைய ஆலைகளை ஆய்வு செய்யும் அலுவலர், எடையையும் புரத அளவையும் குறித்துக்கொள்வதுடன், ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக் கைப்பிடி தீவனத்தை முகர்ந்து பார்ப்பதும் அவசியம்.