மலைப்பாதையும் முன்விளக்கும்



அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்து இரவிலே கண்டவர்கள் அதன் இயல்பை நன்கறிவர். அங்கே இருட்டு தனித்து வருவதில்லை. தூறலையும் மூடுபனியையும் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகின்றது. பத்தடிக்கு அப்பால் இருப்பது பாதையா பள்ளமா என்று கூறவல்லவை வண்டியின் முன்விளக்குகள் இரண்டு மாத்திரமே.

தோட்டத்து லயமொன்றிலிருந்து பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு, நள்ளிரவிலே பழைய லாண்ட் ரோவர் வண்டி ஒன்று டிக்கோயா வைத்தியசாலைக்குப் புறப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். நோர்வூட்டை நெருங்குகையில் மூடுபனி சூழ்கின்றது. ஒளியைத் தாழ்த்துவதற்காகச் சாரதி தரையிலுள்ள பொத்தானைக் காலால் மிதிக்கின்றார். இரண்டு விளக்குகளும் ஒருங்கே அணைந்துவிடுகின்றன! மீண்டும் மிதிக்கின்றார், உயரொளி வருகின்றது. ஆனால் மூடுபனியிலே உயரொளியினால் ஆகும் பயன் யாது? நீர்த்துளிகளிற் பட்டு அது சாரதியின் கண்ணுக்கே திரும்பி வருகின்றது. எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கின்றது. முடிவில், அப்பெண்ணின் கணவன் கையில் டோர்ச் லைட்டுடன் இறங்கி முன்னே நடக்க, வண்டி அவன் பின்னே ஊர்ந்து செல்கின்றது. வைத்தியசாலைக்கு அரைமணி நேரத்தில் சேரவேண்டிய வண்டி எப்பொழுது சேரும்?

இந்த இக்கட்டுக்குக் காரணம், தேய்ந்து துருவேறிய சிறியதொரு சுவிட்சு. அதனை முன்கூட்டியே கண்டறியும் வழிதான் இன்றைய பேச்சின் பொருள்.

லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே உலகுக்கு அறிமுகமாயிற்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு அருமையாய் இருந்தமையால், வண்டியின் உடலை அலுமினியக் கலவையினாலும் அடிச்சட்டத்தை உருக்கினாலும் அமைத்தனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே அது துரைமாரின் வண்டியாக விளங்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிருவாகங்கள் மாறினாலும், பழைய வண்டிகளுட் சில இன்னும் மலையேறத்தான் செய்கின்றன.

உருக்கும் அலுமினியமும் கலந்த இவ்வமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். விளக்குக் கோளாறுகளிற் பெரும்பகுதி இங்கிருந்துதான் முளைக்கின்றது. மின்சாரம் பற்றரியிலிருந்து புறப்பட்டு விளக்குச் சுவிட்சுக்கு வருகின்றது. அங்கிருந்து நீலக் கம்பி வழியாகக் கிளச்சு மிதிக்கு அருகேயுள்ள கால் சுவிட்சை அடைகின்றது. அதன்பின் நீலத்தில் வெள்ளைக் கோடுள்ள கம்பி உயரொளிக்கும், நீலத்தில் சிவப்புக் கோடுள்ள கம்பி தாழொளிக்குமாகப் பிரிகின்றன. போகும் வழி இது. திரும்பி வரும் வழியோ கறுப்புக் கம்பியும் வண்டியின் உடலுமே. இதனைத்தான் கராஜ்காரர் ‘ஏர்த்’ என்கின்றனர். கறுப்புக் கம்பியை உடலோடு பிணைக்கும் திருகாணி உருக்கு, தகடோ அலுமினியம். இரண்டுக்கும் நடுவே மலைநாட்டின் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக மாறுகின்றது. அப்பொடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளை போன்ற இடங்களிலே, இதற்கு அதிக காலம் செல்லாது.

ஆகவே, ஒரு விளக்கு மட்டும் மங்கினால் குமிழை மாற்ற ஓடுவதற்கு முன் அதன் ஏர்த்தைச் சோதித்தல் நன்று. பற்றரியின் ஏர்த் முனையிலிருந்து நீண்ட கம்பி ஒன்றை எடுத்து, விளக்கின் கறுப்புக் கம்பி முனையிலே தொட்டுப் பாருங்கள். உடனே ஒளி பெருகினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்! திருகாணியைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினாற் போதும். தாழொளியில் ஓடும்போது ஒரு விளக்கு மங்கி, டாஷ்போர்டிலுள்ள உயரொளிச் சைகை விளக்கும் இலேசாக மினுங்குமாயின், அதுவும் ஏர்த் அறுந்ததன் அடையாளமே. வெளியேற வழியில்லாத மின்சாரம் மற்ற இழையின் வழியே புகுந்து, எதிர்ப்பக்க விளக்கைச் சுற்றி வீடு திரும்ப முயல்கின்றது.

இரண்டு விளக்குகளும் ஒருங்கே அணைந்தால் இரு குமிழ்களும் ஒரே கணத்தில் எரிந்துபோயின என்று எண்ணுவது பேதைமை. இரண்டுக்கும் பொதுவான இடத்தையே நோக்கவேண்டும். ஓர் ஒளி வந்து மற்றொன்று வராவிடின், மேலே கூறிய சாரதிக்கு நேர்ந்தது போல, கால் சுவிட்சே முதற் சந்தேகத்துக்குரியது. சாரதியின் சப்பாத்திலிருந்து வழியும் சேறும் நீரும் வந்து சேரும் இடமன்றோ அது! வண்டி இயந்திரம் மெதுவாக ஓடும்போது இரு விளக்கும் மங்கி, வேகத்தில் தெளிந்தால், வயரில் குற்றமில்லை. டைனமோ மெதுவான ஓட்டத்திலே போதிய மின்சாரம் தருவதில்லை. குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோயின், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைச் சோதிப்பதே முறை. குலுக்கலில் மட்டும் விளக்கு கண்சிமிட்டினால், தோட்டா வடிவிலமைந்த சிறு பித்தளை இணைப்புகளிலே ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. அல்லது, கம்பி எங்கேனும் தகட்டின் விளிம்பில் உராய்கின்றது.

இவற்றைத் தேட விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. சிறிய 12 வோல்ற்றுக் குமிழ் ஒன்றும் இரண்டு கம்பிகளும் போதும். ஒரு கம்பியை அடிச்சட்டத்தின் சுத்தமான இடத்திலே பிணைத்து, மற்றதை நீலக் கம்பியின் வழிநெடுகத் தொட்டுச் சென்றால், ஒளி வரும் கடைசி இடத்துக்கும் வராத முதல் இடத்துக்கும் இடையிலே குற்றம் இருக்கும். 1960களின் பிற்பகுதி வரை வந்த வண்டிகளிலே பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. பின்னர் அது எதிர்முனையாயிற்று. சோதனைக் குமிழுக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று. ஆனால் பற்றரியை மாற்றிப் பொருத்துவோர் இதனை மறந்தால் வேறு கருவிகள் பழுதடையும்.

அழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையும் என்பதைச் சாரதிமார் பலர் அறியார். 12 வோல்ற்றிலே வெறும் 1.2 வோல்ற்று வழியிலே விரயமானால், ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடுகின்றது. அந்த விரயம் ஓரிடத்தில் நிகழ்வதன்று. சுவிட்சிலே சிறிது, இணைப்பிலே சிறிது, ஏர்த்திலே சிறிது. ‘பழைய வண்டியின் விளக்கு இப்படித்தான்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் இதனைக் கவனித்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இவ்வண்டிகளின் முன்விளக்குச் சுற்றுக்குப் பியூஸ் பாதுகாப்பு இல்லை. உராய்ந்த கம்பி உடலைத் தொட்டால் கம்பியே சூடேறிப் புகைந்துவிடும்; அருகிலே பெற்றோல் இருப்பதும் நினைவிருக்கட்டும். எனவே எந்த வேலையையும் பற்றரியின் ஏர்த் இணைப்பைக் கழற்றிவிட்டே தொடங்குதல் வேண்டும். ஐம்பது வாற்றுக் குமிழ்கள் இரண்டு சேர்ந்து எட்டு அம்பியருக்கு மேல் இழுக்கும். அதைவிடப் பெரிய குமிழைப் பொருத்த விரும்புவோர், பழைய சுவிட்சின் வழியே அச்சுமையை ஏற்றாது, பியூசும் ரிலேயும் இட்டுப் புதுக் கம்பி வழியே கொண்டுசெல்வதே தக்கது.

வேலை முடிந்தபின், ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது வாசலின் பூசி, தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் கம்பிக்கு ரப்பர் வளையம் இடுக. பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, கால் சுவிட்சை ஒருமுறை அன்று, இருபது முறை மிதித்துப் பார்க்க வேண்டும். இருபதில் ஒருமுறை ஒளி வரத் தவறினாலும் அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதைப் பொருத்திய பின்னரே அன்றிரவு வண்டியை வெளியே எடுத்தல் வேண்டும்.