குழந்தையின் கையில் எதைக் கொடுக்கிறோம்?

ஆண்டு விழா வந்துவிட்டால் நம் சிறுவர் சிறுமியர் மாறுவேடம் பூணுகின்றனர். ஒருவன் தாடி ஒட்டிக்கொண்டு ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி வள்ளுவராகிறான். ஒருத்தி சிலம்பை உயர்த்திக் கண்ணகியாகிறாள். இன்னொருவன் அட்டை வாளை உருவிக் கட்டபொம்மனாகிறான். பெற்றோராகிய நாம் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறோம். இந்த இன்பத்தைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. படத்திலே குழந்தையின் கையில் இருக்கும் பொருள் யாருடைய பேச்சைப் பேசுகிறது என்பதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே விரும்புகிறோம்.

குழந்தையைப் பொருளோடு சேர்த்துக் கண்டு மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் குழந்தைக்குச் சிறுபறையும் சிறுதேரும் கொடுத்தனர். பெண் குழந்தைக்கு அம்மானையும் ஊசலும் அளித்தனர். அவை யாவும் விளையாட்டுப் பொருள்கள், குழந்தைக்கே உரியவை. படைக்கலமும் இல்லாமற் போகவில்லை. திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐந்தின் வடிவையும் சிறிதாகச் செய்து, ஐம்படைத்தாலி என்று குழந்தைக்கு அணிவித்தனர். அங்கே படை குழந்தையைக் காத்தது. பிறர்பொருட்டுக் குழந்தை படை ஏந்தி நிற்கவில்லை. இந்த வேற்றுமையே இன்று நாம் சொல்ல வந்ததன் கரு.

பின்னர்ப் புகைப்பட நிலையங்கள் வந்தன. நம் பெங்களூரின் ஜி.கே. வேல் நிலையம் 1910-இல் தோன்றியது. அக்காலத்து நிலையங்களில் எடுத்த படம் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் தொங்கும். கண்டவர் உற்றாரும் அண்டை அயலாரும். இன்றோ படம் எடுத்த மறுகணமே ஊரைக் கடந்து போகிறது. பிறந்தநாளில் பட்டாக்கத்தியை மகன் கையில் கொடுத்துக் கேக் வெட்டச் செய்கிறோம். அபிமான நடிகரைப் போல உதட்டில் சிகரெட்டைச் செருகுகிறோம். கட்சிக் கொடியைப் பிடிக்கச் செய்கிறோம். வேடிக்கைதானே என்கிறோம்.

வேடிக்கை எதுவரை என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழும் புகைப்படக் கலைஞர் சாலி மான், 1989-இல் தம் மகளைப் படம் பிடித்தார். வெள்ளை உடை அணிந்த சிறுமி; விரலிடுக்கில் சிகரெட் மிட்டாய்; பார்வையோ பெரியவர் பார்வை. அருகே தங்கை முதுகு காட்டி நிற்கிறாள். தொலைவில் அண்ணன் பொய்க்கால் மீது நடக்கிறான். கையில் இருப்பது வெறும் மிட்டாய். ஆயினும் அந்தச் சிறு குச்சி, சிறுமியைக் குமரியாகக் காட்டிவிட்டது. 1992-இல் தம் மூன்று மக்களின் படங்களையும் அவர் நூலாக வெளியிட்டபோது, ஆடையின்றிக் குழந்தைகள் இருந்த படங்களும் அதில் இருந்ததால், உயர்ந்த கலை என்று ஒரு சாராரும், தாய் செய்யத் தகாதது என்று மறு சாராரும் வாதிட்டனர்.

அந்தத் தாய்க்கு நேர்மையான ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். எந்தப் படம் வேண்டாம் என்று விலக்கும் உரிமையை அவர் தம் மக்களுக்கு அளித்தார். அவர்களும் சில படங்களை விலக்கினர். அப்படியிருந்தும், படங்களைக் கண்ட அந்நியர் ஒருவரால் குடும்பம் நெடுங்காலம் அச்சத்தோடு வாழ்ந்ததை 2015-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். 2025 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அவருடைய படங்கள் சிலவற்றைக் காவல்துறையினர் கைப்பற்றினர், வழக்கு எழவில்லை. குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னரும் வாதம் ஓயவில்லை என்பதை நோக்குங்கள். கலையில் தேர்ந்தவர்க்கே இந்நிலை என்றால், கைப்பேசியில் கணப்பொழுது யோசித்துப் படம் பரப்பும் நம் நிலை என்ன?

நம் நாட்டிலும் அறிகுறிகள் உள்ளன. 2018-இல் ‘சர்கார்’ திரைப்படத்தின் விளம்பரப் படத்தில் நடிகர் விஜய் சிகரெட்டுடன் தோன்றவே, தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை தாக்கீது அனுப்பியது, விளம்பரமும் நீக்கப்பட்டது. வளர்ந்த நடிகர்க்கே அவ்வாறாயின் மழலைக்கு எவ்வாறு தகும்? 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், சிறார்க்கு மதுவோ புகையிலையோ கொடுப்போர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. பொம்மைச் சிகரெட் குற்றமன்று; ஆயினும் சமுதாயம் எங்கே கோடு கிழித்துள்ளது என்பது விளங்குகிறது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலின்போது இந்நகரில் பேருந்துகள் எரிந்தன. முகநூலில் இட்ட ஒரு கேலிப் பதிவுக்காக மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். அவர் தம் கருத்தைத் தாமே எழுதியவர். நாம் ஒரு முழக்க அட்டையைக் குழந்தையின் கையில் கொடுத்துப் படம் பரப்பினால், எழுதியவர் நாம், முகமோ குழந்தையினுடையது. மறுநாள் கன்னடத் தோழரோடு பள்ளியில் ஒரே பலகையில் அமர வேண்டியதும் அக்குழந்தையே. நம் உரிமைக்கு நாமே குரல் கொடுப்போம். குழந்தையை முன்னே நிறுத்த வேண்டா.

படம் எடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். மைசூரில் 1923-இல் பிறந்த டி.எஸ். சத்யன் குழந்தைகளைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். உலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979-இல் அவருடைய படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. குழந்தை தன் போக்கில் இருப்பதைக் கண்டு எடுப்பதே அவர் வழி. பந்தோ, பம்பரமோ, கடித்த கொய்யாவோ, குழந்தை தானே எடுத்துக்கொண்ட பொருளைவிட அழகிய அணி ஏது?

மாறுவேடமும் வேண்டும். ‘உன் கையில் இருப்பது என்ன?’ என்று கேட்டால், கண்ணகி வேடமிட்ட சிறுமி சிலம்பின் கதையைச் சொல்வாள். அப்பொருள் அவளுடையது. கேட்டபோது குழந்தை விழித்துப் பெற்றோர் முகத்தைப் பார்க்குமாயின் அப்பொருள் நம்முடையது; அதை நாமே ஏந்துவோமாக. வளர்ந்தபின் தன் வீட்டுச் சுவரில் மாட்டத் தயங்கும் படத்தை, இன்று மறுத்துச் சொல்லத் தெரியாத பருவத்தில் எடுத்து ஊருக்குக் காட்ட வேண்டா.

மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை செய்யும் நன்றி என்றார் வள்ளுவர். இன்றைய அவையோ முகமறியாதார் நிறைந்தது. அந்த அவைக்கு நம் செல்வங்களை அனுப்புமுன், கையில் கொடுத்தனுப்பும் பொருளை ஒருமுறை உற்றுப் பார்ப்போம்.