கழுத்து அட்டை யாருக்குப் பதில் சொல்கிறது?

(திருகோணமலையில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து இந்தத் துறைமுக மாவட்டத்துக்கு நம்மவர்கள் வந்தது இன்று நேற்றல்ல. 1977-லும் 1983-லும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு குடிபெயர்ந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இப்போது லயத்தைவிட்டு வேலை தேடி வருகிற இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99-ஐயும் பங்கிட்டு அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். களஞ்சியசாலை, தொழிற்சாலை என்று வேலைகள் வந்தால் நம் பிள்ளைகளும் அங்கே போவார்கள். போகும்போது கழுத்தில் ஓர் அட்டை மாட்டுவார்கள். அந்த அட்டையைப் பற்றித்தான் நாங்கள் இன்று பேச வந்தோம்.

போனில் நாம் நிற்கிற ரோட்டைக் காட்டுவது ஜி.பி.எஸ். அது செய்மதியிலிருந்து வருகிற மெல்லிய அலை. தகரக் கூரைக்கும் கொங்கிறீட்டுக்கும் உள்ளே அது ஒழுங்காக வராது. அதனால் கட்டடத்துக்குள் ஆளைக் கண்டுபிடிக்க வேறு வழி செய்திருக்கிறார்கள். முதலில் கட்டடத்தின் வரைபடத்தைக் கம்பியூட்டரில் ஏற்றுகிறார்கள். பிறகு சுவரிலும் தூணிலும் சிறு கருவிகளைப் பொருத்துகிறார்கள். நம் அட்டைக்குள் இருக்கிற சில்லு அந்தக் கருவிகளோடு அலையால் பேசும். கிட்டப் போனால் அலை பலமாக இருக்கும், எட்டப் போனால் குறையும். மூன்று நான்கு கருவிகளின் அளவைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆள் நிற்கிற இடம் தெரியும். புளூடூத் என்றால் சில மீற்றர் முன்பின் இருக்கும். அல்ட்ரா வைட்பேண்ட் என்கிற முறையில் முப்பது சென்ரிமீற்றருக்குள் காட்டிவிடும். முகாமையாளரின் திரையில் நாம் ஒரு புள்ளி. நாம் நடந்தால் அதுவும் நடக்கும், நாம் நின்றால் அதுவும் நிற்கும்.

இது நமக்குப் புதிதா? நம் பாட்டன் பாட்டி மண்டபம் முகாமில் கோச்சி ஏறுமுன் கழுத்தில் கட்டிக்கொண்டது தகர வில்லை. ‘டின் டிக்கட்’ என்பார்கள். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் குத்தியிருக்கும். வழிச் செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்பதற்காக அது. அந்தக் கணக்கு கடைசியில் நம் கடனாக வந்து விடிந்தது. பிறகு ‘துண்டு’ வந்தது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று எழுதின துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921-ல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். வில்லையும் துண்டும் ஆளைத் தோட்டத்தோடு கட்டி வைத்தன. ஆளுக்கு அவற்றால் ஒரு காசு நன்மை இல்லை.

அந்தக் காலத்திலேயே பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒரு வில்லை இருந்தது. பித்தளையில் இலக்கம் குத்தினது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் அதை எடுத்துக்கொண்டு போவார், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். உள்ளே வெடித்தால், இடிந்தால், எந்த வில்லை திரும்பவில்லை என்று பார்த்து யார் உள்ளே அகப்பட்டிருக்கிறார் என்று அறிந்தார்கள். அதுவும் உலோகம், இதுவும் உலோகம். ஒன்று ஆளைக் கடனில் கட்டியது. மற்றது ஆளை மீட்கத் தேடியது.

ஆகவே இந்தக் கருவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2006 ஜனவரி 2-ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் சேகோ என்ற சுரங்கம் வெடித்தது. 13 பேர் உள்ளே அகப்பட்டார்கள். அவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆயிற்று. 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்குத் தவறான செய்தி போனது. மணி அடித்து மகிழ்ந்தார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் பிழைத்தவர் ஒருவரே என்று தெரிந்தது. அதே வருடம் அங்கே சட்டம் வந்தது: நிலத்தடிச் சுரங்கத்தில் அகப்பட்டவர் எங்கே என்று மேலே இருந்து அறியும் மின்னணு ஏற்பாடு மூன்று வருடத்துக்குள் கட்டாயம். எண்ணெய்த் தாங்கிக்குள் இறங்கிக் கழுவுகிறவரும் கப்பலின் அடித்தளத்தில் இறங்குகிறவரும் நச்சு வாயுவில் மயங்கி விழலாம். அவர் எங்கே என்று உடனே தெரிந்தால் ஓர் உயிர் தப்பும். அந்த அட்டையை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் அதே அட்டை சம்பளத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கதை வேறு. பிரான்சில் அமேசன் களஞ்சியசாலைகளில் தொழிலாளர் கையில் இருக்கும் ஸ்கேனர், வேலை நின்ற நிமிடங்களை எழுதிக்கொண்டே இருந்தது. இது வரம்பு மீறிய கண்காணிப்பு என்று சொல்லி அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தது. இந்தியாவின் சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். 2020-ல் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நிற்கிற நேரத்துக்குச் சம்பளம் வெட்டுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். மலசலகூடத்துக்குப் போனாலும் யாரோ பார்ப்பார்களோ என்று பெண்களுக்கு இருந்த கூச்சம் மறு பக்கம்.

இந்தப் பயம் நமக்கு விளங்கும். பெரட்டுக்குப் பிந்தினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்றால் என்ன என்றும் தெரியும். ஆனால் கணக்கப்பிள்ளையோடு நின்று வாதாடலாம். “ஐயா, மழை பெய்தது, பிள்ளைக்குச் சுகமில்லை” என்று சொல்லலாம். திரையில் இருக்கிற புள்ளி எதுவும் சொல்லாது. பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றது என்பதை மட்டுமே அது காட்டும். கால் வலித்ததா, பக்கத்தில் விழுந்தவரைத் தூக்கினாரா, இயந்திரம் பழுதா என்று அதற்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. இரும்பு றாக்கையும் தண்ணீரும் மனித உடம்பும் அந்த அலையைக் குழப்பும். வேலை செய்துகொண்டே இருக்கிறவரைப் பக்கத்து அறையில் இருப்பதாகவும் அது காட்டக்கூடும்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் அது உரிமை பேசுகிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது தள்ளிப் போடப்பட்டே வந்தது. சட்டம் முழுதாக வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. கூட்டு ஒப்பந்தத்தில் இவற்றை எழுதச் சொல்லிக் கேட்போம்:

ஒன்று, அட்டை எதற்கு என்பது தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, உயிர்ப் பாதுகாப்புக்கு என்று மாட்டிய அட்டையை வைத்துச் சம்பளம் வெட்டவோ விசாரணை வைக்கவோ கூடாது.

மூன்று, மலசலகூடம், உடை மாற்றும் அறை, பாலூட்டும் அறை, சங்கம் கூடும் இடம் ஆகியவற்றில் கருவி இருக்கக்கூடாது. ஓய்வு நேரத்தில் அட்டையைக் கழற்ற உரிமை வேண்டும்.

நான்கு, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார் என்று சொல்ல வேண்டும். தொழிலாளி கேட்டால் அவருடைய பதிவைக் காட்ட வேண்டும்.

ஐந்து, தீ, வாயுக் கசிவு என்று மணி அடித்தால் யார் உள்ளே இருக்கிறார் என்ற பட்டியல் மீட்புக்காரர் கைக்கு உடனே போக வேண்டும். வருடம் இரு முறையாவது அதை ஒத்திகை பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தாவதை நன்றாகக் கவனியுங்கள். அட்டை உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று எந்த நிறுவனமும் சொல்லும். ஒத்திகை எப்போது என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த அட்டை நம்மைக் காக்க வந்ததல்ல.

பெற்றோர்களே, பிள்ளை வேலைக்குப் போகும்போது கையொப்பம் கேட்கிற பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசித்து விளங்காவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், அல்லது உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். நாங்கள் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்கிறோம். தகர வில்லையில் குத்தியிருந்த எழுத்தை வாசிக்க நம் பாட்டன்மாரில் அதிகம் பேருக்கு அன்று வழி இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்று எழுத்துத் தெரியும். வாசித்துவிட்டுக் கையொப்பம் போடட்டும்.