டாங்கிக்கு என்ன மைலேஜ்?



'பயனுறு திறன்' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உங்க அப்பா வண்டி எவ்வளவு மைலேஜ் தருது?" என்று கேளுங்கள், உடனே கைகள் உயரும். அதே கேள்வியை அமெரிக்காவின் அப்ராம்ஸ் டாங்கியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன்.

60 டன்னுக்குக் குறையாத எடை. 1,500 குதிரைத்திறன் கொண்ட வாயுச் சுழலி எஞ்சின். தொட்டியில் சுமார் 1,900 லிட்டர் பிடிக்கும். நல்ல சாலையில் அதை வைத்து ஏறக்குறைய 425 கிலோமீட்டர் போகலாம். பிள்ளைகள் வகுத்துவிட்டுத் திரும்பவும் வகுத்தார்கள். கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர்!

ஓடும்போது குடிப்பதாவது பரவாயில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினாலும் மணிக்குச் சுமார் 40 லிட்டர் போகும். அணைத்துவிடலாமே என்றால், ரேடியோவுக்கும் இரவுப் பார்வைக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். ஒரு பல்பு எரிய கல்யாண மண்டப ஜெனரேட்டரை ஓட்டுவது போலத்தான்.

வகுப்பில் இப்படிக் கணக்குப் போட்டோம். ஒரு கம்பெனிக்கு 14 டாங்கிகள். இரவில் 8 மணி நேரம் நின்றபடி எஞ்சினை ஓட்டினால் 4,480 லிட்டர். அமெரிக்கத் தரைப்படையின் எரிபொருள் லாரி ஒன்றில் சுமார் 9,500 லிட்டர் பிடிக்கும். ஆக, இரண்டே இரவில் ஒரு லாரி ஏறக்குறைய காலி. ஒரு அடிகூட நகரவில்லை!

அந்த லாரி வரும் பாதையில்தான் சிக்கல். ஆப்கானிஸ்தானில் 2007ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து, அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. எரிபொருள் கொண்டுபோன வாகன அணிகளில் 24க்கு ஒருவர் வீதம் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள் என்றது. நமக்கு மைலேஜ் என்றால் காசு. அங்கே அது ஓட்டுநரின் உயிர்.

2011 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறையும் தரைப்படையும் ஐந்தாண்டுக் கூட்டு முயற்சியைத் தொடங்கின. தரைப்படையின் வாகன ஆய்வு மையம் மிச்சிகன் மாநிலத்து வாரன் நகரில், கார்த் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எரிப்பு, மின்கலம், எடை குறைந்த உலோகம் ஆகியவை எரிசக்தித் துறை ஆய்வகங்களுக்குக் கைவந்தவை. புழுதி, கடும் வெயில், கவசத்தின் பாரம் ஆகியவற்றைப் படை அறியும். கண்ணிவெடிக்குப் பயந்து கவசத்தைக் கூட்டினால் எடை ஏறும், எரிபொருள் கூடும், லாரிகளும் கூடும். அந்த லாரிகளும் கண்ணிவெடிச் சாலையில்தான் வர வேண்டும். இந்தச் சுழலை உடைக்க ஒரு துறை போதாது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

அப்ராம்ஸின் பிந்தைய மாதிரி ஒன்றில் கவசத்துக்குள்ளேயே சிறு மின்னாக்கி வைத்துவிட்டார்கள். பெரிய எஞ்சினை அணைத்துவிட்டே ரேடியோவை இயக்கலாம்.

"சண்டை போடறதுக்கு எதுக்கு சார் சிக்கனம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னேன். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த நாள், தன் அப்பா சரக்கு இறக்கும்போது மினி லாரியின் எஞ்சினை எவ்வளவு நேரம் அணைக்காமல் வைத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தாள்: 35 நிமிடம்.