வழக்கிற் கரையும் கல்விப் பணம்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு பிள்ளையின் கல்வி குறித்துப் பெற்றோருக்கும் பாடசாலையை நடத்துவோருக்கும் பிணக்கு மூண்டால் அதனைத் தீர்க்கும் செலவு யாரைச் சாரும்? வழக்காடுவோரைச் சாரும் என்று நாம் எளிதிற் கூறிவிடுவோம். விசேட கல்வி வேண்டிய பிள்ளைகளின் விடயத்தில் இங்கிலாந்து தேசம் பெற்றுவரும் அநுபவமோ வேறு பாடம் புகட்டுகின்றது. அங்கே அச்செலவின் பெரும்பங்கு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்தே போகின்றது. அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1978இல் வார்னொக் அம்மையாரின் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எழுந்தது. பெற்றோர் முறையிடுவதற்கெனத் தனியான நியாயசபை 1994இல் இயங்கத் தொடங்கியது. இப்பொழுதுள்ள முறை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. செவிப்புலன் குறைந்த பிள்ளை, பேச்சுத் தாமதமான பிள்ளை, ஆட்டிசம் உடைய பிள்ளை ஆகியோருக்குச் சாதாரண வகுப்பிற் கிடைக்கும் உதவி போதாதபோது, உள்ளூராட்சி மன்றம் அவர்களின் தேவையை ஆராய்ந்து ஒரு திட்டம் எழுதவேண்டும். எழுதிய பின்னர், அதிற் கண்ட கல்வி உதவியை வழங்குவது அம்மன்றத்தின் சட்டக் கடமையாகும்.

இங்கேதான் பிணக்கின் வேர் இருக்கின்றது. பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று அளப்பதும் அதற்குரிய பணத்தைக் கொடுப்பதும் ஒரே கை. பணப்பெட்டி வெறுமையாகும்போது அளவுகோலும் சுருங்கிவிடுகின்றது. “ஆராயவே அவசியமில்லை” என்று ஒரு கடிதம் வருகின்றது. அல்லது, வாரத்துக்கு இத்தனை மணி பேச்சுப் பயிற்சி என்று எழுதவேண்டிய இடத்தில், “வேண்டியபோது உதவி” என்று பிடிகொடாத வாசகம் வருகின்றது. திட்டத்தை 20 வாரங்களில் முடிக்கவேண்டும் என்பது விதி. 2024இல் அத்தவணைக்குள் முடிந்தவை பாதிக்கும் குறைவே.

மனம் ஒப்பாத பெற்றோர் நியாயசபைக்குச் செல்கின்றனர். முறையிடக் கட்டணம் இல்லை. நீதிபதியுடன் விசேட கல்வித்துறையிற் பழகியவரும் அமர்ந்து விசாரிக்கின்றார். ஆயினும், கட்டணமில்லாத வாயிலுக்குட் செலவில்லை என்று எண்ணிவிடலாகாது. பெற்றோர் உளவியலாளரின் அறிக்கைக்கும் சட்டத்தரணிக்கும் தம் சேமிப்பைக் கொடுக்கின்றனர். எதிர்ப்பக்கத்தில் அதிகாரியின் நேரம், மன்றத்தின் சட்டத்தரணி, சாட்சி சொல்ல வகுப்பை விட்டுவரும் ஆசிரியர், நியாயசபையின் நடைமுறைச் செலவு ஆகிய யாவும் பொதுப்பணமே.

கணக்கைப் பாருங்கள். 2014–15 கல்வியாண்டில் ஏறத்தாழ 3,100 ஆக இருந்த முறையீடுகள் 2022–23இல் 14,000 ஆயின. 2023–24இல் 21,000 ஆயின. 2021–22ஆம் ஆண்டில் மட்டும் இவற்றுக்குச் சென்ற பொதுப்பணம் ஏறத்தாழ 6 கோடி பவுண் என்று புரோ போனோ எக்கனொமிக்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. சாதாரண பாடசாலைகளின் விசேட பிரிவுகளில் 10,000 பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைய இடமளிக்க அத்தொகை போதுமாம்!

இவ்வளவும் செலவிட்டு மன்றங்கள் பெற்றது என்ன? 2022–23இல் விசாரணை வரை சென்று தீர்ந்தவற்றில் நூற்றுக்கு 98 பெற்றோர் பக்கமே தீர்ந்தன. ஒரு பகுதி மட்டும் வென்றாலும் அது வெற்றியாகவே எண்ணப்படும் என்பதை நாம் மறைக்கவில்லை. அங்ஙனமாயினும், முதலில் எழுதிய விடை முழுதும் நிலைத்தது நூற்றுக்கு இரண்டே என்றால், அந்த விடையை எழுதியவர்கள் அதனைத் திரும்பிப் பார்க்கவேண்டாமா? கடுகு போன இடம் தேடுவார், பூசணிக்காய் போன இடம் தேடார் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டுமோ?

கணக்கேட்டில் ஏறாத செலவும் உண்டு. பிணக்கு நடக்கும் மாதங்களில் பிள்ளை வளராமல் நிற்பதில்லை. ஐந்து வயதிற் கிடைக்கவேண்டிய பேச்சுப் பயிற்சி ஏழு வயதிற் கிடைத்தால், இழந்த காலத்தை எந்தத் தீர்ப்பு மீட்டுத்தரும்? அன்றியும், கடிதம் எழுதவும் சட்டம் வாசிக்கவும் வல்ல பெற்றோரே போராடுகின்றனர். கூலிவேலைக்குப் போகும் தாய் முதற் கடிதத்தோடு அடங்கிவிடுகின்றாள். அவளுடைய பிள்ளை எந்த வழக்குக் கணக்கிலும் இல்லை.

மன்றங்களின் பக்கத்தையும் கேட்பது நியாயம். கடமையைச் சட்டம் விதித்தது. பணம் அதற்கேற்ப வரவில்லை. விசேட கல்வியின் பொருட்டு மன்றங்களின் பற்றாக்குறை 2026 மார்ச் மாதத்தளவில் 400 கோடி பவுணுக்கு மேலாகும் என்று அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2024இல் எச்சரித்தது. ஆகவே, அதிகாரிகளைக் கல்நெஞ்சர் என்று ஏசுவதாற் பயனில்லை.

முறையிடும் உரிமையைக் குறைத்துவிட்டாற் செலவு குறையும் என்பாரும் உளர். இதனை நாம் ஒப்பமாட்டோம். வாயிலை அடைத்தாற் பசி தீராது. பசித்தவனின் குரல் மட்டுமே கேளாது போகும். மத்தியஸ்தம் நல்லதே. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளைக் கண்ட எமக்கு அதன் அருமை தெரியும். ஆனால், விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உடையவர் வந்து அமர்ந்தாலன்றி அதுவும் வீண் நேரமே. உண்மையான சிக்கனம் முதல் விடையைச் செம்மையாகச் சொல்வதில் இருக்கின்றது. தேவை முற்றுமுன் வகுப்பறையிலேயே உதவி வேண்டும். மறுப்பதாயிற் காரணத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நியாயசபை மாற்றிய தீர்மானங்களை அதிகாரிகள் படித்து, அடுத்த பிள்ளைக்கு அதே தவறு நேராமற் காக்கவேண்டும்.

இளைஞர்களே! நாளை நம்மிற் சிலர் ஆசிரியராவோம், சிலர் அதிகாரியாவோம், பலர் பெற்றோராவோம். மேசையின் எப்பக்கத்தில் அமர்ந்தாலும் ஒன்றை மறவாதிருப்போம். ஒரு தாயின் விண்ணப்பத்தை ஒருமணி நேரம் பொறுமையாக வாசிப்பது பொதுப்பணத்தை விரயமாக்குவதன்று, அதனைக் காப்பதேயாகும்.